வட்டியில்லாத பாதி

கோடை மழையில் சேமிப்பெல்லாம் நனைந்து அழுகிப்போக, அணில் பெருச்சாளியிடம் நூறு கடலை கடன் கேட்டது. பெருச்சாளி பத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டு தொண்ணூறைக் கொடுத்தது. நூறும் திரும்பி வரும்வரை தினம் காலையில் ஒரு கடலை வட்டி. தவறினால் அணில் மரப்பொந்தைக் காலி செய்ய வேண்டும்.

வட்டியை மட்டும் கட்டினால் ஆயுசுக்கும் கட்டவேண்டியதுதான் என்று அணிலுக்குப் புரிந்தது. குட்டிகளுக்குப் போக மிஞ்சிய கடலையைத் தான் தொடவில்லை, வேப்பம்பழத்திலேயே வயிற்றைக் கழுவியது. காலையெல்லாம் காட்டில் கடலை பொறுக்கியது. மதியத்தில் குயில் வந்து முட்டையிட்டுவிடாதபடி காகத்தின் கூட்டுக்குக் காவல் இருந்தது. அதற்குக் கூலி இரண்டு கடலை.

ஆடி பிறப்பதற்குள் நூறும் சேர்ந்துவிட்டது.

“எதுக்குடா தம்பி இவ்வளவு அவசரம்? மெதுவா குடேன்” என்றது பெருச்சாளி, முகம் வாடி.

“நிம்மதியா தூங்கணும் அண்ணே.”

மறுநாள் காலை பெருச்சாளி மறுபடி மரத்தடியில் நின்றது.

“அதான் கடன் அடைஞ்சுபோச்சே அண்ணே!”

“அடைஞ்சுது. எனக்குப் பசிக்குதே.”

“நூறு கடலை இருக்கே, சாப்பிடுங்களேன்.”

“வட்டிக்கு விடுற முதல்ல கை வைக்கிறதா? நல்லா சொன்ன போ! பத்து கடலையாவது கடனா வாங்கிக்கோயேன் தம்பி.”

அணில் வெகுநாள் கழித்துத் தனக்கென்று ஒரு கடலையை அப்போதுதான் உடைத்திருந்தது. பாதியை நீட்டியது.

“கடன் வேண்டாம் அண்ணே. இதைச் சாப்பிடுங்க. வட்டி கிடையாது, திருப்பியும் தரவேண்டாம்.”

பெருச்சாளி அதை வாயில் போட்டுக்கொண்டு கவலையோடு கேட்டது: “இப்படிக் கொடுத்தா உனக்கு எப்படிடா கட்டுப்படியாகும்?”