பின்னால் வந்த வண்டி

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் விடை சொல்லுங்கள்.

இரண்டு வண்டிகள் ஒரே கயிற்றில் கட்டுண்டு சரிவில் இறங்கி வருகின்றன. முன்னால் பெரிய வண்டி. பின்னால் சின்ன வண்டி. இரண்டில் படுத்துவிட்ட வண்டி எது?

"இது என்ன விடுகதை? பின்னால் வருவதுதான்" என்கிறீர்களா? ஐந்தருவி ரோட்டில் நின்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்.

பெரிய வண்டி மந்திரமூர்த்தியுடையது. புத்தம் புது பிக்கப். சின்னது சொரிமுத்துவின் பழைய லோடு வண்டி. தேங்காய் வியாபாரி தில்லைநாயகம் அன்று காலை இருவரையும் ஐந்தருவிக்கு மேலே இருக்கும் தன் தோப்புக்கு அனுப்பியிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒரு நடை ஏத்திட்டு வாங்க. எந்த வண்டி தேறுதோ, வருஷம் பூரா நம்ம லோடு அதுக்குத்தான்."

அந்த வேலையை நம்பித்தான் மந்திரமூர்த்தி வண்டியே வாங்கியிருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகள் வேல்விழியும் கூட வந்திருந்தாள்.

தோப்பில் லோடு ஏறும்போதே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"ஏலே சொரிமுத்து, ஒன் வண்டி எத்தனை குதிரை சக்தி?"

"குதிரையா? நம்மது கழுதை அண்ணாச்சி. மெதுவாத்தான் போகும். ஆனா குடிக்கது கொஞ்சம்."

"என் வண்டியும் மைலேஜ் தரும்லே. கம்பெனி புத்தகத்துலயே போட்டிருக்கான். இழுவைன்னா ஒன் வண்டியையும் சேத்துக் கட்டி இழுக்கும், பாக்கியா?"

"இழுத்தா நல்லதுதான். எனக்கு டீசல் மிச்சம்."

புத்தகத்தில் போட்டிருந்தது பொய்யில்லை. ஆனால் அது சமதரையில், ஏசி போடாமல் ஓட்டிப் பார்த்த கணக்கு. மலை ஏற்றத்துக்குப் புத்தகம் படிக்கத் தெரியுமா?

இறங்கும்போது வேல்விழி சொன்னாள்: "அப்பா, செவப்பு லைட் எரியுது."

"அது சும்மா பயங்காட்டும்ட்டி. கீழ போய் டீசல் ஊத்திக்கிடலாம்."

சொரிமுத்துவுக்கு முன்னால் தில்லைநாயகத்தின் தேங்காய்க் களத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

முதல் வளைவு தாண்டியதும் என்ஜின் ஒரு தும்மல் போட்டு நின்றது. ஸ்டியரிங் இறுகியது. பிரேக் கல்லாகி, மிதித்தும் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தும், தேங்காய்ப் பாரத்தில் வண்டி மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் பிள்ளை.

பின்னால் வந்த சொரிமுத்து குதித்து ஓடிவந்து சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தான்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. ஏட்டி வேலு, நீ இறங்கி என் வண்டியில ஏறு."

"நீ முன்னால வந்து கட்டி இழுலே."

"வேண்டாம். பிரேக் இல்லாம என் முதுகுலயே வந்து இடிப்பீங்க. இங்கன நிக்கவும் முடியாது, பஸ்காரன் ஆரன் அடிக்கான். சரிவுல வண்டி தானா இறங்கும். நான் பின்னால கட்டி, ஃபர்ஸ்ட் கியர்ல பிடிச்சுக்கிட்டே வாரேன். நீங்க ஸ்டியரிங்க மட்டும் விடாதீங்க."

அப்படியே செய்தார்கள். பெரிய வண்டி வேகமெடுக்கப் பார்த்தபோதெல்லாம், சட்டையைப் பிடித்து நிறுத்துவதுபோல் பின்னாலிருந்து கயிறு இறுகியது. வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய மந்திரமூர்த்திக்கு மூச்சு சீராக வந்தது.

பழக்கடைகளின் பக்கம் நின்றவர்கள் கூவினார்கள்.

"பாருங்கடே, பெருசு சின்னதைக் கட்டி இழுத்துட்டு வருது!"

"ஏ சொரிமுத்து, ஒன் டப்பாவைப் பேரீச்சம்பழத்துக்குப் போடுவே!"

சொரிமுத்து சிரித்துக்கொண்டே கையை ஆட்டியது கண்ணாடியில் தெரிந்தது.

சரிவு முடிகிற இடத்தில்தான் தில்லைநாயகத்தின் களம். இரண்டு வண்டிகளும் உள்ளே வந்து நின்றன. தில்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார்.

"ஏய்யா மந்திரமூர்த்தி, லோடையும் ஏத்திக்கிட்டு இவனையும் கட்டி இழுத்துட்டு வந்திருக்கே! இதுக்கு மேல என்ன பாக்கணும்? ஒன் வண்டிதான்."

மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார்.

கயிற்றை அவிழ்க்கக் குனிந்த சொரிமுத்து மெதுவாகச் சொன்னான்: "சும்மா இருங்க அண்ணாச்சி. நமக்கு வாழைத்தார் லோடு அடிச்சாவது பொழப்பு ஓடிரும். ஒங்களுது புது வண்டி."

மந்திரமூர்த்தி சும்மா இருந்தார். இருக்கத்தான் முடியவில்லை. சொல்லிவிடலாம் என்றால், வேலை போய்விடும். சொல்லாமல் விழுங்கலாம் என்றால், தொண்டையில் இறங்கவில்லை.

புதிதாக ஒருவருக்கு வேலை கொடுத்தால், முதல் இளநீரைச் சின்னப்பிள்ளை கையால் கொடுக்கச் செய்வது தில்லைநாயகத்தின் வழக்கம். அப்போதுதான் விளங்குமாம். ஒரு செவ்விளநீரைச் சீவி வேல்விழியிடம் நீட்டினார்.

"இந்தா தாயி. எது நல்ல வண்டியோ, அதை ஓட்டினவருக்குக் கொண்டுபோய்க் கொடு. நீ கொடுத்தா கொடுத்ததுதான்."

வேல்விழி இளநீரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் நடந்தாள்.

அவள் கால் போன திசையைக் கண்டதும் மந்திரமூர்த்திக்கு 'அப்பாடா' என்றிருந்தது.

வேல்விழி இளநீரைச் சொரிமுத்துவிடம் கொடுத்தாள்.