பாட்டு இறங்கிய இடம்

“அந்த எடத்த மட்டும் விட்டுருவோம்டா ஈஸ்வரா, கை ஒடியுது” என்று டிரம்ஸ் குச்சிகளைக் கீழே போட்டான் தமிழ்மாறன்.

“விடக் கூடாது. இன்னொரு தடவ” என்றான் ஈஸ்வரபாண்டி, கிதாரைத் தோளில் மாட்டியபடி.

சுருளிப்பட்டியில் ராக் இசைக்குழு என்றால் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் இந்த இருவரும் பாடகி ஹேமாவதியும் திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகையில் இரண்டு மாதமாக ஒரே பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 2005 கோடையில் மதுரையில் ஒரு போட்டி. 1970க்கு முந்தைய ராக் அண்ட் ரோல் பாட்டு ஒன்றைத்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி.

அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. ஈஸ்வரபாண்டியின் சித்தப்பா எப்போதோ யாரிடமோ இரவல் வாங்கிய இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து வைத்த ஆங்கிலப் பாட்டு. அறுபதுகளில் வந்தது என்பதைத் தவிர, பாடியது யாரென்றுகூடத் தெரியாது. ஒரு பெண்குரல், சும்மா பறக்கும்.

பாதிப் பாட்டில்தான் அந்த அதிசயம். தடதடவென்று ஓடுகிற பாட்டு, பாரவண்டி மேட்டில் திணறுவதுபோல் கனத்து, சுருதி சறுக்கிக் கீழே இறங்கும். நாலு மூச்சு நேரம். பிறகு மெல்ல ஏறிப் பழைய வேகத்தைப் பிடித்துவிடும்.

“என்னா தைரியம் பாத்தியா! எல்லாரும் ஓடத்தான் நெனப்பாக. இவுக நடுவுல நின்னு மூச்சு வாங்குறாக” என்றாள் ஹேமாவதி. “அத விட்டா இது பாட்டே இல்ல.”

தமிழ்மாறன் முணுமுணுத்துக்கொண்டே குச்சிகளை எடுத்தான். மூன்று பேரும் ஒன்றாகச் சறுக்கி ஒன்றாக ஏற வேண்டும். எத்தனையோ நாள் முட்டி மோதி, கடைசியில் அன்றைக்கு வந்தேவிட்டது. அப்படி உழைத்தவர்களைப் பார்த்துச் சிரிக்க எப்படித்தான் மனசு வந்ததோ ஊருக்கு!

ஈஸ்வரபாண்டியின் அப்பா பேச்சிமுத்து கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“ஏலே, சொன்னது ஞாபகம் இருக்குல்ல? செயிச்சா ஒன் இஷ்டம். தோத்தா நம்ம தோட்டம். அப்பறம் கிதாருன்னு வாயத் தெறக்கக் கூடாது.”

“இருக்குப்பா.”

முடிவைத் தன் காதால் கேட்க அவரும் மதுரைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தார்கள். இறக்கம் வந்தபோது அரங்கமே கப்சிப். ஏறியபோது விசில் காதைக் கிழித்தது. தலை நரைத்த நடுவர் ஞானபாக்கியம், மார்க் போடுவதை விட்டுவிட்டு நேராக மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, அறுபத்தஞ்சுல மெட்ராஸ்ல இந்தப் பாட்டைப் பாடி ரெக்கார்டு கொடுத்தது நான்தான்.”

ஹேமாவதி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

“ஆனா நடுவுல வர்ற அந்த இறக்கம் எங்க பாட்டுல கிடையாது.”

ஈஸ்வரபாண்டியின் கண்முன் தோட்டத்துத் திராட்சைக் கொடிகள் வந்து நின்றன.

“நாங்க ஒரே வேகத்துல ஓடி முடிச்சிட்டோம். இதுல என்னமோ குறையுதேன்னு நாப்பது வருஷமா நினைச்சிட்டிருந்தேன். அது இதுதான்! யாரோட யோசனை?”

“எங்க யோசனை இல்லம்மா. கேசட்டுலயே அப்புடித்தான் இருந்துச்சு” என்றான் ஈஸ்வரபாண்டி.

அவர் நம்பவில்லை. தன்னடக்கம் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். முதல் பரிசும் அவர்களுக்கே.

கோப்பையோடு இறங்கிய மகனைப் பேச்சிமுத்து தூணோரம் இழுத்துக்கொண்டு போனார். கண் கலங்கியிருந்தது, கூடவே ஒரு திருட்டு முழி.

“யாரோட யோசனைன்னு அந்தம்மா கேட்டாகள்ல…” என்று தொண்டையைச் செருமினார். “ஒன் சித்தப்பன் வீட்டுல அந்தத் தட்டச் சுத்தவிட்டு, பேட்டரி டேப்புல பதிஞ்சுக்கிட்டிருந்தான். அந்நேரம் பாத்து த்ரீ பேஸ் கரண்டு வந்துச்சுடா. அது போறதுக்குள்ள தண்ணி பாய்ச்சணும்னு நான் ஓடிப்போயி கெணத்து மோட்டாரப் போட்டேன். வோல்டேஜு எறங்கி, தட்டு சுத்துறது தளந்து, பாட்டு படுத்து எந்திரிச்சுச்சு. பாட்டக் கெடுத்துட்டேன்னு அன்னைக்கு அவன் என்னைய வையாத வசவு இல்ல!”