பத்தாவது வார்த்தை

"காலைல வாசல் தொளிக்கறதுக்கு என்னங்க வேணும்?"

"தண்ணி."

"அப்போ ஜெர்மன்ல தண்ணிக்கு?"

"வாசர்!"

"பாவாடைக்கு நாடா கோக்கறதுக்கு?"

"ஊசி... நாடல்!" பாலுசாமி தொடையைத் தட்டிக்கொண்டார்.

ராசாத்தாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் ஜெர்மனிக்காரன் நிட்டிங் மெஷின் வந்திறங்கிய அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: பத்து ஜெர்மன் வார்த்தையை ஒப்பிக்கிறவருக்குத்தான் அந்த மெஷின். பதினைந்து வருடமாகப் பழைய மெஷினோடு மல்லுக்கட்டும் புருஷனுக்காக, ஒவ்வொரு வார்த்தையையும் வீட்டு வேலையோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"ஒம்பது தேறிப்போச்சு. பத்தாவது?"

இருவரும் வார்த்தைகளை எழுதி வைத்திருந்த நோட்டைப் பார்த்தார்கள். 'நன்றி' என்பதற்கு எதிரே ரசம் சிந்தி எழுத்து கரைந்து போயிருந்தது.

"நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். மெஷின் மாட்ட வந்த ஜெர்மனிக்காரரு வெர்னருகிட்டயே கேட்டா என்னங்க?"

"எப்படிப் புள்ள கேக்கறது? நன்றிக்குச் சைகை ஏது? கை கூப்பினா வணக்கம்னு நெனச்சுக்குவாரு."

"அவரு நம்ம பேச்சே கத்துக்கிட்டாருங்களே! ஒரு மாசமா நாந்தானே மத்தியானச் சோறு கொண்டு போறேன்? எது வெச்சாலும் தாங்க, தாங்கங்கறாரு. பாவம், நல்ல பசி."

வெர்னரிடம் கேட்பதற்குள், மறுநாள் மதியமே முதலாளி பரீட்சை வைத்துவிட்டார். பக்கத்து மேசையில் வெர்னருக்குப் பணியாரம் வைத்துக்கொண்டிருந்த ராசாத்தாளின் காது முழுக்கப் புருஷன் பக்கம்தான். ஒன்பது வார்த்தையும் மளமளவென்று வந்தன.

"பத்தாவது. நன்றிக்கு என்னங்க பாலுசாமி?"

பாலுசாமிக்கு வேர்த்துக் கொட்டியது. இந்தப் பக்கம் ராசாத்தாள், என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் வெர்னர் தட்டில் பணியாரத்தை அடுக்கினாள்.

"தாங்க," என்றார் வெர்னர்.

இன்னும் இரண்டு வைத்தாள்.

"தாங்க! தாங்க!"

பணியாரத் தூக்குப்போசி காலியாகிவிட்டது. "ஏனுங்க, அவரு இன்னும் தாங்கங்கறாருங்க!"

குழம்பிப்போன பாலுசாமி திரும்பினார். "தாங்கங்களா?"

முதலாளி மேசையைத் தட்டினார். "அதேதானுங்க, டாங்க! பத்தும் சரி. மெஷின் உங்களுது. ஆனா அம்மணி, அவரு 'நன்றி, போதும்'னு கெஞ்சக் கெஞ்ச ஏனுங்க அவருக்கு வெச்சுக்கிட்டே இருக்கறீங்க?"

ராசாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மாதமாக நன்றி சொல்லிச் சொல்லியே தின்றிருக்கிறார் மனுஷன்! இன்றைக்குப் புருஷனைக் கரையேற்றியதும் அவர் வாயில் வந்த அதே வார்த்தைதான். வெர்னர் முன்னால் போய் நின்று கை கூப்பி, மனசாரச் சொன்னாள்:

"தாங்க!"

கம்பெனியில் எல்லோரும் அந்த வார்த்தையைச் சொல்லித்தான் ஸ்பேனர் கேட்டு வாங்குவார்கள் என்று நன்றாகத் தெரிந்து வைத்திருந்த வெர்னர், 'அப்பாடா' என்று தட்டோடு அத்தனை பணியாரத்தையும் அவள் கையிலேயே தந்துவிட்டார்.