முனியாண்டிக்கு ஊற்றும் பிராந்தி

கோச்சடைக்கு மேற்கே, வயலுக்கு நடுவில் இருக்கிற முனியாண்டி கோயிலில், விருமாண்டி பிராந்தி பாட்டிலோடு நிற்கிறான். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு அவன் குடிப்பதில்லை. ஆனால் இந்த வருசம் சாமிக்குப் படைக்கிற முறை அவனுடையது. உச்சி வெயில் பாட்டிலுக்குள் புகுந்து, அவன் வேட்டியில் தேன் நிறமாய் ஆடுகிறது. ஒரு பக்கம் கிடாக்கறி கொதிக்கிறது. உறுமிச் சத்தம் நெஞ்சுக்குள் இடிக்கிறது. மூடியைத் திருகியதுமே வாசம் மூக்கில் ஏறுகிறது. பன்னீர் சோடா கலந்து, மாங்காய் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டு குடித்தால் முதல் மடக்கு இனிப்பாய் இறங்கிப் பிறகு எரியுமே, அந்த ருசி நாக்கடியில் ஊறுகிறது. கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. மச்சினன் சூரியபிரகாஷ் காதோரம் குனிகிறான். "சாமிக்கு ஊத்திட்டு ஒரு மூடி மட்டும் நாக்குல வைங்க மச்சான். பிரசாதந்தான, ஒண்ணும் செய்யாது." கூட்டத்துக்குள்ளிருந்து மனைவி பாண்டீஸ்வரி அவன் கையையே பார்க்கிறாள். விருமாண்டி பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்க்கிறான். குபுகுபுவென்று பீடத்தில் விழுந்து மண்ணுக்குள் இறங்குகிறது பிராந்தி. கடைசிச் சொட்டு வரைக்கும் உதறுகிறான். விரலெல்லாம் நனைந்திருக்கிறது. கை தானாக மூக்குக்குப் போகிறது, பாதியில் நிறுத்துகிறான். "பாண்டீஸு, தண்ணி கொண்டா." அவள் செம்போடு ஓடி வந்து அவன் கையில் ஊற்றுகிறாள். அழுத்தி அழுத்தித் தேய்க்கிறான். "போதுமா?" என்கிறாள். "இன்னும் ஊத்து. வாசம் போகல."