எந்த நாட்டு இங்கிலீஷ்

கடிதம் முடிந்துவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து செல்போன் ஒரு வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டது.

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

ஃபேவர். பதில் போட்டு உதவவும் என்று சொல்ல, மில் ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் டைப் அடித்த வார்த்தை. நேற்று வந்த போன் அதில் குற்றம் கண்டுபிடிக்கிறது.

கோட்டைத் தட்டினார்.

தப்பில்லையாம். நாட்டுக்கு நாடு எழுத்து மாறுமாம். எந்த நாட்டு இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டு ஒரு பட்டியலை நீட்டியது.

வாய்விட்டுப் படித்தார். இந்தியா. பிரிட்டன். அமெரிக்கா. கனடா. ஆஸ்திரேலியா.

வாய் சொல்லாமல் அவருக்குக் கை ஓடாது. மேனேஜர் சொல்லச் சொல்ல, தானும் ஒருமுறை சொல்லிச் சொல்லியே அடித்த பழக்கம். இந்தக் கடிதத்தையும் அப்படித்தான் அடித்தார். கூடத்தின் அந்தக் கோடியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அமிர்தத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

படிக்கப்போகிறவள் இருக்கிற நாட்டைத்தானே தொடவேண்டும்?

பூங்கோதை எந்த நாட்டில் இருக்கிறாள்?

அவருக்குத் தெரியவில்லை. அவளுடைய காலேஜ் நாள் ஈமெயில் விலாசம் மட்டும்தான் கையில் இருந்தது.

பெற்ற மகள். ஒரே மகள்.

கல்யாணத்தப்போ அந்தப் பையனுக்கு லண்டனில் வேலை என்று காதில் விழுந்தது. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. இந்த வீட்டில் இனி அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அமிர்தத்திடம் சொல்லிவிட்டார். நாலு வருஷமாக அமிர்தமும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவாள். இவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

போன மார்கழியில் ஒருநாள் கரண்ட் போய், டிவி நின்றுவிட்டது. வெயிலில் ரொம்ப அலையாதம்மா என்று கொல்லையிலிருந்து குரல் கேட்டது. இவர் கழுத்தில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். மார்கழியில் வெயில் கொளுத்துகிற ஊர் எது? லண்டன் இல்லை. அமெரிக்காவா? ஒன்றும் பிடிபடவில்லை.

இப்போதும் பிடிபடவில்லை.

விரல் பிரிட்டன் மேல் போய் நின்றது. கனடாவுக்கு இறங்கியது. திரும்ப மேலே வந்தது.

கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். கேட்கத்தான் வாய் வரவில்லை. பேச்சை எடுக்கக்கூடாது என்று சொன்ன வாய்.

கடிதத்தின் கடைசி வரியைப் பார்த்தார். தங்களுக்கு வசதிப்படும் நாளில் இல்லத்துக்கு வருகை தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது என்பதை நல்ல ஆபீஸ் இங்கிலீஷில் அடித்திருந்தார். கேட்டுக்கொள்வது யார் என்று அதில் இருக்காது. தமிழில் எழுதினால் ஒரே சொல்தான். அதை எழுத அவருக்குப் பயமாக இருந்தது.

இது வேண்டாம். அழித்துவிடலாம். ஏதோ கிறுக்குப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஆஸ்திரேலியாவைத் தொடுங்க."

அமிர்தம் தலையைத் தூக்கவில்லை. கீரைக் காம்பை உருவிக்கொண்டே சொன்னாள். "அங்க இப்ப எட்டு மணிதான். முழிச்சிருப்பா."

அவர் நிமிர்ந்தார். சுவர்க் கடிகாரம் மூன்றரை காட்டியது.

தொட்டார். சிவப்புக் கோடு போய்விட்டது. ஃபேவர் அப்படியே இருந்தது.

பிறகு கடைசி வரியை மட்டும் அழித்தார். தமிழ் எழுத்தைத் தேடி எடுத்தார். அந்த ஒரு சொல்லை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

கை ஓட, வாயும் சொன்னது. "வாம்மா."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.