ஈரக்கை

தூத்துக்குடி சிமென்ட் குடோனில் காலமெல்லாம் மூட்டை இறக்கிய மாடக்கண்ணுவின் கையை, மகன் வாங்கிய புதுவீட்டுச் சுவர் மனுசக் கை என்றே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் சுவிட்ச் கிடையாது. சுவரில் விரலை வைத்தால் ஃபேன் ஓடும். காய்ப்பேறி வறண்டுபோன அவர் விரலுக்கு ஓடவில்லை.

மனைவி இசக்கியம்மா காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தாள். அவள் விரலை வைத்தும் ஓடவில்லை; அவளும் அதே குடோனில் சாக்குத் தைத்தவள்தான். வெளியூரிலிருந்த மகன் போனில் சிரித்தான்.

"யப்பா, விரலைத் தண்ணியில நனைச்சு வைங்க. ஒண்ணும் செய்யாது."

மாடக்கண்ணு தண்ணீர்ச் சொம்பை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தார். முன்னே தகரக்கூரை வீட்டில், குளித்த ஈரத்தோடு சுவிட்சைத் தொட்டு, கரண்டு அடித்து அவர் ஒட்டிக்கொண்டபோது, இசக்கி அவரைத் தொடாமல் மரத்துடுப்பால் அடித்துப் பிரித்தாள். அதற்குப் பிறகு அவர் குளித்து வரும்போதெல்லாம், "கையத் தொடச்சீரா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே சில நாள் துடைக்காமல் நிற்பார்.

"நனைக்கட்டுமா ளா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"வேண்டாம். புழுக்கத்துல யாரும் சாவல."

அவள் நெற்றி கொதித்தது. அவர் சொம்புத் தண்ணீரில் விரலை விட்டார். இசக்கி எழுந்து வந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத ளா! அடிச்சா ஒனக்கும் சேத்து அடிக்கும்."

"அடிக்கட்டும். உம்ம அடிச்சுப் பிரிக்க இப்ப எனக்குத் தெம்பில்ல."

இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் விரலை வைத்தார். தலைக்கு மேலே காற்று வந்தது.

"ஓடிட்டு ளா. கைய விடு."

"ஓடட்டும்" என்றாள். விடவில்லை.