எட்டாவது ஜோடிக் கால்

வலியை இரண்டு மாதம் மறைத்து ஆடியதில் கிரான்யாவுக்கு வலது பாதத்தில் எலும்பு முறிந்தது. ஆறு வாரமாக மாவுக்கட்டோடு என்னிஸ் ஊர் நடன வகுப்பில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற ஏழு பேரும் ஆடினார்கள்.

டீச்சர் டார்வ்லா வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, மரத்தரையில் விழும் காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

"எட்டுப் பேரும் ஒண்ணா அடிக்கிறீங்க, சந்தோஷம். ஆனா வலது காலை இழுக்கிறது யாருடி? வலிச்சா வாயைத் திறந்து சொல்லித் தொலைங்க!"

"நாங்க ஏழு பேர்தானே மிஸ்" என்றாள் ஆடியவர்களில் ஒருத்தி.

"எனக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?"

கிரான்யா மாவுக்கட்டைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் மாவுக்கட்டை அறுத்துப் பிரித்தார்கள். முறிந்த எலும்பு ஒட்டவேயில்லை. ஆறு வாரமாகத் தரையைத் தொடாத குதிகாலில் வரிசையாகக் கொப்புளங்கள். ஒன்று அப்போதுதான் உடைந்திருந்தது.